அப்பாவைக் கடற்படையில் சேர்த்த புத்தகம்

கொடைக்கானலில் கடல் கிடையாது. ஓர் ஏரி உண்டு. அதில் அரை மணி நேரக் கணக்கில் வாடகைக்கு விடும் படகுகள் உண்டு. படகில் கால் வைத்ததும் செல்ஃபி எடுக்கும் மதுரைக்காரர்கள் உண்டு. இவ்வளவு குறைந்த வசதியை வைத்துக்கொண்டு, ஏரிக்கு மேலே ஒரு சரிவில் குடியிருந்த ஒருவர் பதினொரு கடற்போர்களை நடத்தி முடித்திருந்தார். பதினொன்றிலும் சோழர்களே வென்றார்கள். பன்னிரண்டாவது போருக்கு அவருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் நான்.

வேலை எளிது. அவர் பேனாவால் எழுதும் வரலாற்றுப் புத்தகத்தைக் கணினியில் அடிக்க வேண்டும், பிழை திருத்த வேண்டும், கேட்டால் "நல்லா இருக்குங்க சார்" என்று சொல்ல வேண்டும். முதல் இரண்டையும் நான் ஒழுங்காகச் செய்தேன்.

சார் அரசாங்க வேலையில் அணை, கால்வாய், மதகு என்று பார்த்து ஓய்வு பெற்றவர். வேலை பார்த்த காலமெல்லாம் தண்ணீரை ஓடவிடாமல் தடுத்துவிட்டு, ஓய்வு பெற்றதும் அதில் கப்பல் விட ஆரம்பித்தார். நான் வேலை கேட்டுப் போன அன்று அவர் மேசையில் மரத்தால் செய்த ஒரு பாய்மரக் கப்பல் இருந்தது. அதன் பாய்மரத்தில் ரேஷன் கார்டைச் சொருகி வைத்திருந்தார்.

"என்னம்மா படிச்சிருக்க?"

"எம்.ஏ. வரலாறுங்க சார். இங்கதான், கொடைக்கானல்லயே."

"அப்பா என்ன பண்றார்?"

"தாண்டிக்குடிப் பக்கம் காபித் தோட்டத்துல கூலி வேலைங்க."

"அவர் படிப்பு?"

"இல்லைங்க. எங்க வீட்டுல மொதல்ல படிச்சது நான்தான்."

இதைச் சொல்லும்போது என் தலை கொஞ்சம் தூக்கிக்கொள்ளும். அடக்கமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், வரவில்லை. சார் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "பரவாயில்லை" என்றார். எது பரவாயில்லை என்று நான் கேட்கவில்லை.

சோழர்கள் கடலில் கலம் செலுத்தியதைப் பற்றிக் கல்வெட்டில் இருப்பது சில வரிகள்தான். எனக்கு அது தெரியும், பரீட்சையில் எழுதியிருக்கிறேன். அந்தச் சில வரிகளிலிருந்து சார் ஒவ்வொரு புத்தகத்துக்கும் நானூறு பக்கம் எடுத்துவிடுவார். எங்கள் வீட்டில் ஒரே தேயிலைத் தூளை மூன்றாவது முறை கொதிக்க வைக்கும் நாட்களில்கூட அவ்வளவு சாயம் இறங்கியதில்லை. இத்தனைக்கும் அவர் எழுதுவது நாவல் அல்ல. "வரலாறு" என்று அட்டையிலேயே போட்டிருக்கும். ஆனால் வேந்தன் கப்பலில் கால் வைத்ததும், "கடல் தன் அலைக்கரங்களால் அவன் திருவடிகளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது" என்று எழுதுவார். இதற்கு யார் சாட்சி என்று கேட்டால் கடல் என்பார்.

அவருடைய கப்பல்களில் ஒருவரும் சாப்பிட மாட்டார்கள். இது எனக்கு முதல் வாரமே உறுத்தியது.

"சார், நாகப்பட்டினத்திலேருந்து முந்நூறு கப்பல் கிளம்புது. பதினெட்டு நாள் போறாங்க. சாப்பாடு?"

"என்ன சாப்பாடு?"

"கப்பல்ல இருக்கவங்களுக்குங்க. அரிசி, விறகு, குடிக்கத் தண்ணி. ஒண்ணுமே ஏத்தலையே."

"போர்வீரனுக்குப் போர்வெறியே உணவும்மா."

"சரிங்க. குதிரைக்கு?"

சார் பதில் யோசிப்பதற்குள் சமையலறையிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "குதிரை இருக்கட்டும். வீட்டுக்குக் காய் வாங்கிட்டு வரணும்னு வெள்ளனே சொன்னேன். கப்பல் போனதும் போவீங்களா, இல்ல திரும்பி வந்ததும் போவீங்களா?"

அவர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அந்த வீட்டில் சோழர்களைத் தோற்கடிக்கத் தெரிந்தவர் அந்த அம்மா ஒருவர்தான்.

ஒரு முறை பிறைச்சந்திர வியூகம் என்ற ஒன்றை அவர் எழுத வேண்டியிருந்தது. எதிரிக் கப்பலை அரைவட்டமாக வளைத்துக்கொள்வதாம். சரியாக வருமா என்று சோதிக்க என்னையும் அழைத்துக்கொண்டு ஏரிக்குப் போனார். இரண்டு துடுப்புப் படகுகளை எடுத்தார். ஒன்றில் அவர், ஒன்றில் நான்.

"நீ ஈழத்துக் கப்பற்படை" என்றார்.

"நான் மட்டுமாங்க?"

"மீதியை நான் கற்பனை பண்ணிக்கிறேன்."

படகு கொடுப்பவர் ஆரஞ்சு நிறச் சட்டையை அவர் முன்னால் நீட்டினார். "சார், லைஃப் ஜாக்கெட்."

"நான் சோழப் பேரரசன்யா."

"யாரா இருந்தாலும் போடணுங்க. போன வாரம் ஒரு கலெக்டரே போட்டாரு."

பேரரசர் போட்டுக்கொண்டார். ஏரி நடுவே போனதும் காற்று திரும்பியது, படகு லேசாக ஆடியது. அவருடைய முகம் வெளுத்தது. துடுப்பைக் கீழே போட்டுவிட்டுத் தலையைக் கையில் பிடித்துக்கொண்டார். "சுத்துதும்மா" என்றார். ஈழத்துக் கப்பற்படையாகிய நான் போய் அவர் படகின் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு கரை சேர்த்தேன். மறுநாள் நான் தட்டச்சு செய்த அத்தியாயத்தில், வேந்தனின் கண்ணில் பறந்த பொறியைக் கண்டதும் எதிரித் தலைமைக் கப்பல் திரும்பிப் பார்க்காமல் ஓடிப்போனது.

இன்னொரு பழக்கமும் அவருக்கு இருந்தது. கப்பலைக் குறிக்கும் சொற்களை ஒரு நீளமான நோட்டில் சேர்த்து வந்தார். நாவாய், வங்கம், கலம், திமில், அம்பி, ஓடம், தோணி. இலக்கியத்தில் எடுத்தது தீர்ந்ததும் ஆட்களிடம் கேட்க ஆரம்பித்தார். கேஸ் சிலிண்டர் போட வந்தவர், கேரட் லாரி டிரைவர், வத்தலக்குண்டிலிருந்து மீன் கொண்டுவருபவர் என்று யாரையும் விடமாட்டார். "உங்க ஊர்ல கப்பலுக்கு என்ன சொல்வீங்க?" மீன்காரர் ஒரு முறை, "நாங்க கப்பல்னுதாங்க சொல்வோம், ஒங்களுக்குக் கெழங்கா மீனு வேணுமா வேணாமா?" என்று கேட்டார்.

சிரிக்கிறேனே தவிர, அந்த வேலையை நான் விளையாட்டாகப் பார்க்கவில்லை. எனக்கு அதில் ஒன்று வேண்டியிருந்தது. என் பெயர்.

கையெழுத்துப் பிரதியில் மூன்றாம் அத்தியாயத்தில் உடன்கட்டை ஏறிய ஒரு பட்டத்தரசி, பதினோராம் அத்தியாயத்தில் வந்து போர் ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தாள். அதைக் கண்டுபிடித்துச் சாரிடம் சொன்னேன். அவர் அதிர்ந்து போனார். முந்தைய புத்தகங்களிலும் இப்படி யாராவது எழுந்து வந்திருப்பார்களோ என்ற பயம் அவர் முகத்தில் தெரிந்தது. அந்த நேரத்தில் கேட்டேன். "சார், புத்தகத்துல பதிப்பாசிரியர்னு என் பேரைப் போடணுங்க."

கொஞ்சம் தயங்கினார். பட்டத்தரசியை நினைத்துப் பார்த்தார். சரி என்றார்.

முதல் பக்கத்தை நானே வடிவமைத்து அச்செடுத்தேன். மேலே புத்தகத்தின் பெயர், கீழே சாரின் பெயர், அதற்கும் கீழே சிறிய எழுத்தில் "பதிப்பாசிரியர்", அடுத்து என் பெயர். பெயருக்கு முன்னால் அப்பாவின் முதலெழுத்து, ஒரு புள்ளியோடு. அந்தத் தாளை அந்த வாரக் கடைசியில் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. தாளைத் தலைகீழாகப் பிடிக்கவில்லை. அந்த அளவுக்கு அவருக்குத் தாள்களோடு பழக்கம் உண்டு. வாழ்க்கையில் நிறையத் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு வரிசைகளில் நின்றவர்.

"இதுல எது நீயி?"

காட்டினேன்.

"எது நானு?"

புள்ளிக்கு முன்னால் இருந்த எழுத்தைக் காட்டினேன்.

"ஒத்த எழுத்தா?"

"ஆமாப்பா."

"போதும், போதும்" என்றார். தாளை மடித்துப் பிளாஸ்டிக் பையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஒரு வாரத்துக்குள் தாண்டிக்குடியில் டீக்கடை, ரேஷன் கடை, ஜீப் நிற்கும் இடம் எல்லாவற்றுக்கும் சேதி போய்விட்டது. என் மகள் ராஜாக்களைப் பற்றிப் புத்தகம் போடுகிறாள். சாரைப் பற்றி அவர் யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை.

இப்படியே முடிந்திருந்தால் நான் இதை எழுத வேண்டியதில்லை. ஆனால் அப்பாவுக்குச் சாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றிவிட்டது. ஒரு நாள் காலை பஸ்ஸில் பை நிறையப் பட்டர் புரூட் பழங்களோடு வந்து இறங்கினார். நான் உள்ளறையில் அச்செடுத்துக்கொண்டிருந்தேன். வராந்தாவில் சாரும் அப்பாவும் பேசிக்கொண்டிருந்தது பிரிண்டர் சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. அப்பா சிரிப்பது கேட்டது. அப்பா கிளம்பிப் போனதும் சார் உள்ளே வந்தார். வயலில் செப்பேடு கிடைத்தவர் மாதிரி இருந்தது அவர் முகம். நோட்டை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார்.

"உங்க அப்பா ஒரு புதையல்மா" என்றார்.

அப்பாவைப் பற்றி யாரும் அப்படிச் சொன்னதில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மூன்று நாள் இருந்தது.

நான்காம் நாள் பத்தொன்பதாம் அத்தியாயம் தட்டச்சுக்கு வந்தது. தலைப்பு: "கள்ளத்தோணிப் படை". உள்ளே இப்படி இருந்தது: "இன்றும் பழனி மலைத்தொடரில் வாழும் ஒரு மக்கள் கூட்டம் தம்மைக் கள்ளத்தோணி என்று அழைத்துக்கொள்கிறது. இருளில் ஓசையின்றி ஈழக்கரையில் இறங்கிய சோழரின் மறைப்படை மாலுமிகளின் வழித்தோன்றல்களே இவர்கள் என்பதில் ஐயமில்லை. இவர்களுள் ஒரு முதியவர், தம் முன்னோரின் கடற்பயணத்தை எம்மிடம் பெருமிதத்தோடு நினைவுகூர்ந்தார்."

விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

எங்கள் குடும்பம் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தது. தோட்டம் உண்டாக்க வெள்ளைக்காரன் இங்கிருந்து கூட்டிப்போன கூலிகளின் பேரப்பிள்ளைகளை, பிறகு ஒரு நாள், நீங்கள் இந்த நாட்டுக்காரர்கள் இல்லை என்று சொன்னார்கள். அப்போது அங்கே அவர்களுக்கு வைத்த வசவுதான் கள்ளத்தோணி. அனுமதி இல்லாமல் திருட்டுத்தனமாகத் தோணி ஏறி வந்தவன் என்று அர்த்தம். எங்கள் வீட்டில் அம்மா அந்த வார்த்தையைச் சொல்ல விடமாட்டாள். அப்பா சொல்வார், ஆனால் சிரித்துக்கொண்டுதான் சொல்வார். பல்லில் கல் கடிபட்டால் சிலர் சிரிப்பார்களே, அந்த மாதிரி.

அந்த வாரம் வீட்டுக்குப் போனதும் கேட்டேன். "என்னப்பா சொன்ன சார்கிட்ட?"

"கேட்டாரு, சொன்னேன். கப்பல்ல வந்தீங்களான்னாரு. ஆமான்னேன். அங்க ஒங்கள எப்படிக் கூப்புடுவாங்கன்னாரு. கள்ளத்தோணிம்பாங்கன்னு சொல்லிட்டுச் சிரிச்சேன். அவரு சிரிக்கல. ரெண்டு தடவ திருப்பிச் சொல்லச் சொல்லி எழுதிக்கிட்டாரு. பெரிய மனுசன், நம்ம கஷ்டத்த எழுதுறாருன்னு நெனைச்சேன்."

அவர் எழுதியதை வாசித்துக் காட்டினேன். அப்பா தேத்தண்ணியைக் கீழே வைத்தார்.

"மறைப்படைன்னா?"

"ரகசியமா போயிச் சண்டை போடுறவங்க."

"நாமளா?"

"ஆமா."

"நாம பெரட்டுக்கு அஞ்சு நிமிசம் லேட்டாப் போனாலே தொரை வீட்டுக்கு அனுப்பிருவானே" என்றார். பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் ஆள் எண்ணுவது.

திங்கட்கிழமை பஸ் தாமதம். பெருமாள்மலைக்கு அருகில் காட்டுமாடு ரோட்டை விட்டு நகரவில்லை. அது நகரும்வரை சாரிடம் என்ன பேச வேண்டும் என்று மனதில் ஒத்திகை பார்த்தேன். போனதும் நின்றுகொண்டே சொன்னேன். அது கடற்படை இல்லைங்க சார், வசவு. இன்ன காலத்தில், இன்ன காரணத்துக்காக வைத்தது. அந்த அத்தியாயத்தை எடுத்துவிட வேண்டும்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முந்நூறு கப்பலில் ஒரு பிடி அரிசி ஏற்றாதவர், கடலையே சாட்சிக்கு அழைத்தவர், என்னிடம் நிதானமாகக் கேட்டார்:

"ஆதாரம் இருக்காம்மா?"

"எங்க அப்பா இருக்காருங்க."

"அவர்தானே எனக்குச் சொன்னார்?"

"அவர் சொன்னது வேறங்க."

"வாய்மொழி மரபில் அர்த்தம் திரிஞ்சு போறது சகஜம். அவருக்கே தெரியாம அவர் வரலாற்றைச் சுமக்கிறார்."

சமையலறையிலிருந்து குரல் வந்தது. "அவரையே கூட்டிட்டு வாம்மா. இவரு ஏட்டுல இருந்தாதான் நம்புவாரு, ஏட்டுல இல்லாட்டி ரொம்ப நம்புவாரு."

அப்பா வந்தார். தோட்டத்தில் ஒரு நாள் கூலி போனது. அதைப் பற்றி அவர் பேசவில்லை. சலவைச் சட்டை போட்டிருந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். நான் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை.

"சார், நாங்க தோணிய கண்ணுல பாத்ததில்லைங்க. மலையில பொறந்தவங்க. எங்க அப்பாவும் மலையிலதான் பொறந்தாரு. டவுன்ல மாவு வாங்க வரிசையில நிப்போம். 'ஏய் கள்ளத்தோணி, பின்னால போ'ம்பான் கடையில நிக்கிறவன். எங்க அப்பா பின்னால போவாரு. அவரு கையப் புடிச்சிருப்பேன், நானும் போவேன். அம்புட்டுத்தாங்க அந்த வார்த்தை. இங்க வந்ததுகூட நல்ல கப்பல்லதான் வந்தோம். பேப்பரு, போட்டோ, சீலு, எல்லாம் இருந்துச்சு."

சாருக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது, அதில் சந்தேகமில்லை. பிறகு ஆர்வம் தாங்காமல் கேட்டார். "கடல் எப்படி இருந்தது?"

"கடலப் பாக்கலீங்க சார். கீழ, தகரப்பொட்டி மேல உக்காந்து வந்தோம். எல்லாருக்கும் வாந்தி. எங்க அம்மா ஒரு சட்டிய வச்சுக்கிட்டு வரிசையா எல்லாருக்கும் புடிச்சாங்க. சோறு கட்டிக் கொண்டாந்தது அப்படியே கெடந்துச்சு. சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு, பலகைக்கு அந்தப் பக்கம்."

பதினொரு புத்தகங்களில் இல்லாத கடல் அந்த வராந்தாவில் கிடைத்தது. நோட்டு அவர் மடியில்தான் இருந்தது. அவர் எழுதிக்கொள்ளவில்லை. கண்ணை மூடி யோசித்துக்கொண்டிருந்தார். திடீரென்று தொடையில் தட்டினார்.

"வார்த்தைதான் பிரச்சினை. வார்த்தையை மாத்திடுவோம். கள்ளத்தோணி வேண்டாம். மறைகலம்! மறைகலப் படை! எப்படி?"

அப்பா என்னைப் பார்த்தார், சாரைப் பார்த்தார். "அந்த வார்த்தை இருக்காதுல்ல?" என்று கேட்டார்.

"இருக்கவே இருக்காது."

"அப்பச் சரிங்க."

சார் அத்தோடு விடவில்லை. புத்தகத்தில் ஒரு படம் வேண்டும் என்றார். ஏரியிலிருந்து ஒரு துடுப்பை இரவல் வாங்கி வைத்திருந்தார். அப்பாவை வீட்டுத் தோட்டத்து ஓரத்தில் நிறுத்தித் துடுப்பைக் கையில் கொடுத்தார். அப்பா அதை மண்வெட்டி பிடிப்பது போலப் பிடித்தார். "நிமிர்த்திப் பிடிங்க" என்றார் சார். அப்பா தோளில் சாத்திக்கொண்டார். அதற்குள் மூடுபனி ஏறிவிட்டது.

திரும்பும் பஸ்ஸில் அப்பாவிடம் சண்டை போட்டேன். வார்த்தை போனால் போதுமா, பொய் அப்படியே இருக்கிறதே என்றேன்.

"கூலின்னு எழுதுறதுக்கு மாலுமின்னு எழுதட்டுமே. யாருக்கு என்ன கெட்டுப்போச்சு?" என்றார் அப்பா.

எம்.ஏ. படித்த எனக்கு அதற்குப் பண்ணைக்காடு வரும்வரை பதில் கிடைக்கவில்லை. இறங்கிய பிறகும் கிடைக்கவில்லை. அவருக்கு அந்த வார்த்தை போனது பெரிய விஷயம். எனக்குத்தான் போதவில்லை. போதவில்லை என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்பதுகூட அன்றைக்குச் சரியாகத் தெரியவில்லை.

தெரிய வைத்தது சார்தான். கடைசித் திருத்தப் பிரதி வத்தலக்குண்டு அச்சகத்திலிருந்து வந்தபோது, பத்தொன்பதாம் அத்தியாயத்தின் அடியில் ஒரு கோடு போட்டு, கோட்டுக்குக் கீழே சிறிய எழுத்தில், நான் தட்டச்சு செய்யாத ஒரு குறிப்பு இருந்தது. சாரின் புத்தகங்களில் அதுவரை அடிக்குறிப்பு என்பதே கிடையாது. இதுதான் முதல். "இந்நூலின் பதிப்பாசிரியர் இம்மறைகல மரபில் வந்த குலக்கொடி, வரலாற்றில் முதுகலைப் பட்டம் பெற்றவர். இவர் கைபட்டு இவ்வத்தியாயம் வெளிவருவதே இதன் உண்மைக்குச் சான்று."

அவர் ஆதாரம் கேட்டார் அல்லவா. கிடைத்துவிட்டது. நான்தான் ஆதாரம்.

வீட்டில் ஒருவரும் ஏறாத படிகளில் ஏறி, கடன் வாங்கிய புத்தகத்தில் இரவல் விளக்கில் படித்து நான் வாங்கிய பட்டம், ஓடாத கப்பலுக்கு நங்கூரமாகப் போயிற்று. என் பெயர் முதல் பக்கத்தில் இருக்கும்வரை அந்தக் குறிப்பு நிற்கும். பெயர் இல்லாவிட்டால் குறிப்புக்குக் கால் இல்லை. கணக்கு இவ்வளவுதான். ஆனால் அந்தப் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து இருந்தது. அது என்னுடையது அல்ல. அதைக் கேட்காமல் அடிக்க முடியாது.

அந்த வாரம் வீட்டில் சொன்னேன். குறிப்பை வாசித்துக் காட்டினேன். என்ன செய்யப் போகிறேன் என்பதையும் சொன்னேன்.

அப்பா ஊரெல்லாம் சொல்லி வைத்தவர். டீக்கடையில் அவரைப் பார்த்ததும், "புத்தகம் எப்ப வருது?" என்றுதான் ஆரம்பிப்பார்களாம்.

"நீ படிச்சது பொய்யாப் போயிருமா, அந்தக் குறிப்பு இருந்தா?"

"படிச்சதவச்சுப் பொய்யச் சொன்ன மாதிரி ஆயிரும்."

"ம்."

எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார். "ஒம் பேரு, ஒஞ் சோலி" என்றார். சட்டைப் பையிலிருந்த தாளை மட்டும் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை சாரின் முன்னால் உட்கார்ந்து, சிவப்பு மையால் முதல் பக்கத்தில் என் பெயரின் மேல் ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் நீக்கற்குறியைச் சுழித்தேன். பத்தொன்பதாம் அத்தியாயத்தைத் திருப்பி, குறிப்பின் மேலும் அதையே செய்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் சார் கையெழுத்துப் போட்டால்தான் அச்சுக்குப் போகும்.

"பேர் வேணும்னு கேட்டவ நீதானே?"

"ஆமாங்க."

"இப்போ நீயே அடிக்கிற."

"ஆமாங்க."

"அப்பாவே சம்மதிச்சுட்டார். உனக்கென்ன? படிச்ச திமிர்."

"ஆமாங்க சார்" என்றேன். மூன்று ஆமாங்களில் இதைத்தான் சத்தமாகச் சொன்னேன்.

பேனாவை எடுப்பதா வேண்டாமா என்று அவர் உட்கார்ந்திருந்தார். வாசலில் வந்து நின்ற அவர் மனைவி, "போட்டுக் குடுங்க. அந்தப் புள்ள இல்லாட்டி ஒங்க கையெழுத்த யாரு வாசிப்பா? நீங்க எனக்கு எழுதுன கடுதாசியவே என்னால வாசிக்க முடிஞ்சதில்ல" என்றார். சார் கையெழுத்துப் போட்டார்.

அத்தியாயம் புத்தகத்தில் இருக்கிறது. மறைகலப் படையும் ஓசையில்லாமல் ஈழக்கரையில் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. எழுதியது அவர், அதை அழிக்க எனக்கு அதிகாரம் இல்லை, ரகசியமாக அழிக்கவும் மனம் வரவில்லை. படமும் வந்திருக்கிறது. மூடுபனியும் அச்சகத்து மையும் சேர்ந்து அது முழுக்கக் கறுப்பாகிவிட்டது. "மறைகல வீரர் மரபினர் ஒருவர்" என்று கீழே போட்டிருக்கிறார்கள். உற்றுப் பார்த்தாலும் ஒருவரும் தெரிய மாட்டார். அந்த அளவுக்கு அது உண்மையான மறைப்படைதான். வெளியீட்டு விழாவில் சார், "இதைத் தட்டச்சு செய்த பெண்ணுக்கும் நன்றி" என்றார். வேலையை விட்டு என்னை அனுப்பவில்லை. பதின்மூன்றாம் போரில் பாண்டியர்கள் வருகிறார்கள். கப்பலில் அரிசி ஏற்றச் சம்மதித்திருக்கிறார். குதிரைக்கான தண்ணீர் பற்றிப் பேச்சு நடக்கிறது.

புத்தகம் வந்த வாரம் அப்பாவும் நானும் தாண்டிக்குடியில் ஜீப்புக்கு நின்றோம். எங்கள் மேட்டுக்கு ஜீப் மட்டும்தான் ஏறும். டிரைவர் அப்பாவைப் பார்த்ததும் ஆரம்பித்தான்.

"என்ன மாமா, ராஜா புத்தகம் வந்துருச்சாம்ல? மக பேரு வந்துச்சா?"

"இருந்துச்சு. அவளே அடிச்சுப்புட்டா."

"அடிச்சுட்டாளா? எதுக்கு?"

"எழுதுன சாரு பொய் எழுதியிருந்தாரு. அதுக்கு எம் பேரு வேணாம்னுட்டா."

"அட போங்க மாமா. ஒரு மாசமா எங்க காது புளிக்கப் பேசுனீங்க. பேரு இல்லாத புத்தகத்துல என்ன பெருமை கெடக்கு?"

அப்பா சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் பையை எடுத்து, தாளைப் பிரித்து, அவன் முகத்துக்கு நேரே நீட்டினார். விரல் சரியாக அந்த எழுத்தின் மேல் இருந்தது.

"ஏலே, அடிக்கணும்னா மொதல்ல பேரு நம்ம கையில இருக்கணும்ல. எங்கப்பனுக்கு ஒரு பேரு வச்சாய்ங்க. சாகுற வரைக்கும் அத அவரால அடிக்க முடிஞ்சுச்சா?"

டிரைவருக்கு எந்தப் பெயர் என்று தெரியாது. அவன் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்னமோ போங்க. வெரசா ஏறுங்க, மழை எறங்குது" என்றான்.

ஏறினோம்.